பாலூட்டும் தாய்ப்பன்றியும் புரத உணவும்

(கால்நடை வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)

2019 ஆம் ஆண்டில் நடைபெற்ற இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலுள்ள பன்றிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 90.6 இலட்சம். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒப்பிடுகையில் இது 12 விழுக்காடு குறைவாகும். நாட்டின் பல பகுதிகளில் எண்ணிக்கை சரிந்த அதே காலத்தில், அசாம் மாநிலத்தில் அது ஏறத்தாழ 16 இலட்சத்திலிருந்து 21 இலட்சமாக உயர்ந்தது. நாட்டின் மொத்தப் பன்றிகளில் பாதியை நெருங்கும் அளவு வடகிழக்கு மாநிலங்களிலேயே உள்ளது. ஆங்கே பன்றி வளர்ப்பு பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில், பெண்களின் பொறுப்பில் நடைபெறுகிறது. குழந்தைகளின் பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு, திருமணம், திருவிழா ஆகிய அனைத்திற்கும் கைகொடுக்கும் சேமிப்பு அதுவே.

இச்சேமிப்பு பெருகுவதும் கரைவதும், குட்டி ஈன்ற பின்னர் வரும் ஆறு அல்லது எட்டு வாரங்களில் தாய்ப்பன்றிக்குக் கிடைக்கும் உணவைப் பெரிதும் பொறுத்துள்ளது. அக்காலத்தில் தீவனத்தில் செய்யப்படும் சிக்கனம் உண்மையில் சிக்கனமன்று. அது முதலையே உண்பதற்கு ஒப்பாகும்.

ஒரு சிறு கணக்கு

எட்டுக் குட்டிகள் ஈன்ற கலப்பினத் தாய்ப்பன்றி ஒன்று நாளொன்றுக்கு 6 கிலோ பால் சுரப்பதாகக் கொள்வோம். பன்றிப் பாலில் புரதம் சுமார் 5.5 விழுக்காடு. ஆகவே பாலின் வழியே மட்டும் நாள்தோறும் 330 கிராம் புரதம் வெளியேறுகிறது. அப்பன்றிக்குக் கிடைப்பது 2 கிலோ அரிசித் தவிடும், வேகவைத்த சேம்பு இலையும் மட்டுமே எனில் நிலைமை என்ன? தவிட்டில் 12 விழுக்காடு புரதம் என்ற கணக்கில் 240 கிராம் கிடைக்கும். அதுவும் முழுமையாகச் செரிப்பதில்லை. நீர்ச்சத்து மிகுந்த இலைகளால் இக்குறை ஈடாவதில்லை.

செலவுக்கும் வரவுக்கும் இடையிலான இப்பற்றாக்குறையைத் தாய்ப்பன்றி தன் தசையைக் கரைத்தே ஈடு செய்கிறது. முதல் சில நாட்கள் பால் குறைவதில்லை. ஆதலால் வளர்ப்பவருக்கு ஆபத்து புலப்படுவதில்லை. பின்னர் முதுகெலும்பு துருத்துகிறது, பால் வற்றுகிறது, மெலிந்த குட்டிகள் ஒவ்வொன்றாக மடிகின்றன.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. நல்ல உடல்நிலையிலுள்ள தாய்ப்பன்றி, குட்டிகளைப் பால் மறக்கச் செய்த ஒரு வாரத்திற்குள் மீண்டும் சினைப்பருவத்திற்கு வருவது வழக்கம். சினைக்காலம் 114 நாட்கள், பாலூட்டும் காலம் 56 நாட்கள், இடைவெளி 7 நாட்கள் என்று கூட்டினால் ஒரு சுற்று 177 நாட்களில் முடிவடைகிறது. மெலிந்த பன்றி 21 நாள் கொண்ட இரு பருவங்களைத் தவறவிடுமானால் அச்சுற்று 219 நாட்களாக நீள்கிறது. மூன்றாண்டுகளில் ஆறு ஈற்றுகள் கிடைக்க வேண்டிய வீட்டில் ஐந்தே கிடைக்கும். ஒரு முழு ஈற்றின் வருமானம் எவர் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்து போகிறது.

அளவும் தரமும்

புரதத்தின் அளவைப் போன்றே அதன் தரமும் முக்கியமானது. பன்றியின் வயிறு ஆடு மாடுகளின் வயிற்றைப் போன்றதன்று. அசை போடும் விலங்குகளில் வயிற்று நுண்ணுயிர்களே புரதத்தை உருவாக்கித் தருகின்றன. பன்றிக்கு அந்த வசதி இல்லாமையால், இன்றியமையாத அமினோ அமிலங்கள் தீவனத்திலேயே அமைந்திருக்க வேண்டும். தானியங்களை அடிப்படையாகக் கொண்ட பன்றித் தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்னும் அமினோ அமிலம். அது குறைந்தால் ஏனைய அமினோ அமிலங்கள் மிகுந்திருந்தும் பால் உற்பத்திக்கு முழுமையாகப் பயன்படுவதில்லை.

மக்காச்சோளத்தில் லைசின் சுமார் 0.25 விழுக்காடு மட்டுமே. சோயாப் பிண்ணாக்கிலோ சுமார் 2.8 விழுக்காடு. கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 விழுக்காட்டிற்கு மேல் இருப்பினும் லைசின் குறைவு. எனவே, அதை மட்டும் நம்பியிராமல் சோயாவையோ மீன்தூளையோ சிறிதளவு சேர்ப்பது நலம். அசாமில் எளிதில் கிடைக்கும் கடுகுப் பிண்ணாக்கில் காரத்தன்மையுள்ள பொருள்கள் இருப்பதால், அதைக் குறைந்த அளவிலேயே சேர்த்தல் வேண்டும்.

பாலூட்டும் பன்றியின் கலப்புத் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு வரை புரதம் இருத்தல் நன்று. மக்காச்சோளம் 60 பங்கு, தவிடு 18 பங்கு, சோயாப் பிண்ணாக்கு 20 பங்கு, தாது உப்புக் கலவையும் சாதாரண உப்பும் சேர்த்து 2 பங்கு என்று கலந்தால் ஏறத்தாழ 16.6 விழுக்காடு புரதம் அமையும்.

ஊட்டும் முறை

தாய்ப்பன்றியின் சொந்தத் தேவைக்கு 2 கிலோவும், பால் குடிக்கும் குட்டி ஒன்றுக்கு 400 கிராமும் என்று கொள்வது எளிய நடைமுறைக் கணக்கு. எட்டுக் குட்டிகளுள்ள பன்றிக்கு நாளொன்றுக்கு 5.2 கிலோ தேவை. மேற்கூறிய கலவையில் இந்த அளவு கொடுத்தால் 860 கிராம் புரதம் கிடைக்கும். தவிட்டுணவின் 240 கிராமோடு இதை ஒப்பிட்டால் இடைவெளியின் ஆழம் விளங்கும்.

ஈன்ற அன்றே முழு அளவையும் கொடுத்தலாகாது. முதல் நாளில் சிறிதளவு கொடுத்து, ஒரு வாரத்திற்குள் படிப்படியாக உயர்த்த வேண்டும். சினைக்காலத்தில் மிகுதியாக உண்டு கொழுத்த பன்றி, பாலூட்டும் காலத்தில் குறைவாகவே உண்ணும். ஆகவே சினைக்காலத்தில் அளவும் ஈன்றபின் தாராளமும் தேவை. பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கின் கோடை வெப்பத்தில் பன்றி உணவை ஒதுக்குவதுண்டு. அக்காலத்தில் விடியற்காலையிலும் மாலை தணிந்த பின்னரும் ஊட்டுதல் நலம். நாள்தோறும் 20 லிட்டருக்குக் குறையாமல் தூய நீர் வேண்டும். நீர் குறைந்தால் பாலும் குறையும். தாயின் பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. எனவே குட்டிகளுக்குப் பிறந்த சில நாட்களுக்குள் இரும்புச் சத்து ஊசி போடப்படுதலும், இரண்டாம் வாரத்திலிருந்து குட்டித் தீவனம் வைக்கப்படுதலும் அவசியம்.

மலை நிலத்தின் வளங்கள்

மலைக் கிராமங்களுக்குப் பிண்ணாக்கு வந்து சேர்வதற்குள் போக்குவரத்துச் செலவு அதன் விலையை உயர்த்திவிடுகிறது. ஆனால் நாகாலாந்திலும் மேகாலயாவிலும் சோயா நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு, நொதிக்க வைத்து உண்ணப்படுகிறது. மனித உணவுக்கு உதவாத உடைந்த மணிகளைப் பன்றிக்கு ஒதுக்கலாம். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால், வறுத்தோ வேகவைத்தோதான் அதைக் கொடுக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கொடி, அரிசி மது வடித்த சக்கை ஆகியவையும் துணையுணவாகப் பயன்படும். எனினும் அவை கலப்புத் தீவனத்தின் இடத்தை நிரப்ப இயலாது.

உணவு விடுதிக் கழிவுகளைப் பொறுத்தமட்டில் எச்சரிக்கை தேவை. 2020 ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், வடகிழக்கு மாநிலங்களில் பெரும் அழிவை விளைவித்தது. பன்றி இறைச்சி கலந்த கழிவுகள் அந்நோய் பரவும் வழிகளுள் ஒன்று. மலிவான புரதம் எனக் கருதி அவற்றைக் கொடுப்போர் தொழுவத்தையே இழக்க நேரிடும்.

அலுவலர் கடமை

குவாஹாட்டியை அடுத்த ராணியில் 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷயர் இனத்தையும் குங்ரூ இனத்தையும் கலந்து ‘ராணி’ என்னும் இனத்தை உருவாக்கியது. மேகாலயாவின் உமியத்தில் ‘லும்ஸ்னியாங்’ உருவாக்கப்பட்டது. இத்தகைய இனங்கள் மிகுதியான குட்டிகளை ஈனும் தன்மை பெற்றவை. குட்டிகள் மிகும்போது தாயின் புரதத் தேவையும் மிகுகிறது என்பதை மறத்தலாகாது. உயரினப் பன்றியை வழங்கிவிட்டு, பழைய தவிட்டுணவையே தொடரச் செய்தால், நாட்டுப் பன்றியைவிட விரைவில் நலிவது அதுவே.

வளர்ச்சித் திட்டங்களில் பன்றியும் கொட்டகையும் மூலதனமாக எளிதில் கணக்கில் ஏறுகின்றன. தீவனமோ நடைமுறைச் செலவாகக் கருதப்பட்டுப் பின்தள்ளப்படுகிறது. எட்டுக் குட்டிகளுள்ள பன்றிக்கு 42 நாட்களில் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 135 கிலோ கலப்புத் தீவனமே. பால் மறந்த குட்டி ஒன்றின் உள்ளூர் விலைக்கு எத்தனை கிலோ தீவனம் வாங்கலாம் என்பதை ஒவ்வொரு வட்டார அலுவலரும் கணக்கிட்டு, அதனை மகளிர் குழுக்களுக்கு எடுத்துக் காட்டுதல் வேண்டும். அக்குழுக்கள் பிண்ணாக்கைக் கூட்டாக வாங்கிக் கலக்கவும், ஈற்றுக் காலத்திற்கெனக் குறுகிய காலக் கடன் பெற்றுக் குட்டி விற்றதும் திருப்பிச் செலுத்தவும் வழி செய்தால், பெரும் மானியமின்றியே இக்குறை பெருமளவு நீங்கும்.

வழங்கப்பட்ட பன்றிகளின் எண்ணிக்கையைக் கொண்டு திட்டத்தின் வெற்றியை அளப்பது போதாது. பால் மறக்கும் நாளில் ஒவ்வொரு தொழுவத்திலும் எத்தனை குட்டிகள் உயிரோடு நிற்கின்றன, அவற்றின் தாய் எந்த நிலையில் இருக்கிறது என்பனவே சரியான அளவுகோல்கள்.