லயம் இருந்த இடம்

புளத் என்னும் சிங்களச் சொல் வெற்றிலையைக் குறிப்பது. அவ்வெற்றிலையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் புளத்கொகுபிட்டிய, கேகாலை மாவட்டத்திலே, எட்டியாந்தோட்டைக்கு அணித்தாய் அமைந்த மலைப்பாங்கான ஊர். அதனைச் சூழ்ந்த குன்றுகளில் இறப்பரும் தேயிலையும் கலந்து வளர்கின்றன. அங்கே இன்று பழைய லயங்கள் சில இடிபடுகின்றன. புதிய வீடுகள் எழுகின்றன. புதியது எழுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், இடிபட்ட இடத்தில் முன்பு யாது இருந்தது, யார் வாழ்ந்தனர் என்பதை வருங்காலத்தார் எங்ஙனம் அறிவர்?

இலங்கையிலே தொல்பொருட்களைக் காக்கும் சட்டம் 1940 ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. 1998 இல் அது திருத்தப்பட்டது. பெருந்திட்டங்கள் தொடங்குமுன் நிலத்தைத் தொல்லியலாளர் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்னும் முறை அதன் பின்னரே ஏற்பட்டது. நல்ல முறைதான். ஆனால் அச்சட்டம் தொன்மைக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இரண்டாம் நாள், அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாளே அவ்வெல்லை. அதற்கு முற்பட்டவையே இயல்பாகத் தொல்பொருள் எனப்படும். பிற்பட்டவற்றைக் காக்க வேண்டுமாயின் அமைச்சர் தனியே அறிவித்தல் வேண்டும்.

இந்த எல்லையின் பொருளைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டத் தொழிலாளரின் வருகை 1823 இலிருந்து கணக்கிடப்படுகிறது. அதன் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றனர். சட்டத்தின் தொன்மை முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது இவர்தம் வரலாறு! லயத்துக்கும் பிரட்டுக்களத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் அச்சட்டம் இயல்பாக நிழல் தருவதில்லை. சட்டம் இயற்றியோர் வேண்டுமென்றே இவர்களை விலக்கினர் என்று கூறுவதற்கில்லை. எனினும் விளைவு ஒன்றேயாம்.

இத்தகைய தோட்டங்களில் எழுதி வைக்கத்தக்கது என்ன இருக்கிறது என்று வினவுவாரும் உளர். பிரட்டுக்களத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்தோர் வரிசையாய் நின்று பெயர் கொடுத்து அன்றைய வேலையைப் பெற்ற இடம் அது. வேலை கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அங்கேதான். கடன்பட்ட தொழிலாளியைக் கங்காணியோடு பிணைத்து வைத்த துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்படும் வரை, அந்தச் சிறு கடதாசியே ஒரு குடும்பத்தின் போக்குவரவை நிர்ணயித்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் கேகாலை மாவட்டத்தை வாட்டியபோது, சூரியமல் இயக்கத்தினர் இப்பகுதியிலே மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பின்னர் 1948 இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964 இல் இரு நாட்டுத் தலைவர்களும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. அவர்கள் விட்டுச் சென்ற காம்பராக்களில் வேறு குடும்பங்கள் குடிபுகுந்தன. கதை சொல்வோர் கடல் கடந்துவிட்டனர்.

பெயர்களும் அவ்வாறே மறைகின்றன. தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர். தொழிலாளர் நாவில் வேறொரு தமிழ்ப் பெயர். பின்னையது நில அளவைப் படங்களிற் காணக் கிடைப்பது அரிது. முதியோர் மறைந்தால் அதுவும் மறையும்.

2016 மே 17 அன்று இயற்கையே இவ்வினாவைக் கடுமையாக எழுப்பிற்று. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுபிட்டியவின் களுபானைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து மக்களைப் புதைத்தது. அத்தகைய சரிவுகளில் வாழ்வோரைப் பாதுகாப்பான நிலத்துக்கு மாற்றுதல் இன்றியமையாதது. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமே இல்லை. ஆனால் மாறிச் செல்வோர் வீட்டை மட்டும் விட்டுச் செல்வதில்லை. கோயிலையும், முன்னோரைப் புதைத்த நிலத்தையும் விட்டே செல்கின்றனர். புதிய குடியிருப்பின் வாயிலில், திறந்துவைத்தவர் பெயரும் நாளும் பளிங்கில் பொறிக்கப்படுவது வழக்கம். மாண்டோர் பெயருக்கும், அவர்கள் வாழ்ந்த லயத்தின் பெயருக்கும் அதே சுவரில் இடமளிக்கலாகாதா?

இது புதுமையான கோரிக்கையன்று. இலண்டன் மாநகரில் 1954 இல் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக நிலம் தோண்டியபோது, உரோமர் காலத்து மித்திரர் கோயில் வெளிப்பட்டது. அதனைக் காண மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றனர். எனினும் கற்கள் பெயர்க்கப்பட்டன. 1962 இல் வேறோர் இடத்தில் செம்மையின்றி அடுக்கப்பட்டன. அந்நிலத்திலே பிற்காலத்தில் புதிய கட்டடம் எழுப்பிய நிறுவனம் கோயிலைத் திருத்தமாக மீளமைத்து, 2017 இல் கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திறந்தது. அழியப்போகும் வரலாற்றுச் சின்னங்களைக் கட்டுவோர் பதிவுசெய்து, அப்பதிவைப் பொதுமக்கள் காணக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை 2012 இலேயே கூறிவிட்டது.

புளத்கொகுபிட்டியவில் பளிங்குக் கோயில் வேண்டுவதில்லை. ஒரு பலகையும் சில நிழற்படங்களும் போதும். கட்டட அனுமதி வழங்கும் பிரதேச சபை, குடியிருப்புத் திட்டம், தொழிற்சாலை, உல்லாச விடுதி, நீர்மின் நிலையம் போன்றவற்றுக்கு மட்டும் இதனை ஒரு நிபந்தனையாக்கலாம். தன் கையால் இரண்டு அறை கட்டிக்கொள்ளும் தொழிலாளிக்கு இச்சுமை கூடாது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவை புரிவதற்கு இருந்த சட்டத் தடையே 2018 இல்தான் நீங்கியது. வீதிக்கும் குடிநீருக்கும் காத்திருப்போரிடம் பலகையைப் பற்றிப் பேசுவதா என்ற ஆட்சேபம் எழக்கூடும். அது நியாயமான ஆட்சேபமே. ஆனால் இதற்குச் சபையின் பணம் வேண்டுவதில்லை, செலவு கட்டுவோருடையது. பெருங்கட்டடம் ஒன்றின் செலவில் அது வாயிற்கதவின் பூட்டு விலைக்கு மேற் செல்லாது.

மெய்யான இடர்ப்பாடு வேறு. பலகையில் எழுதுவது யார்? நிறுவனத்தாரிடம் விட்டுவிட்டால், துரைமாரின் பங்களாவும் முதற் கன்று நட்ட ஆண்டும் வரும். பால் வெட்டியவர் வரமாட்டார். சபையிடம் விட்டுவிட்டால், உறுப்பினர் பெயர்கள் வரும். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றிலே 2007 இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் அரும்பொருளகம் இவ்வகையில் நல்ல முன்மாதிரி. அங்கே காட்சிக்கு இருப்பவை தொழிலாளர் வீடுகளில் புழங்கிய பொருட்களே. அதுபோல, எழுதப்படும் வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒரு மாத காலம் தோட்டக் கோயிலிலும் கிராமத்து விகாரையிலும் பாடசாலையிலும் தொங்கவிடலாம். தவறெனக் கண்டோர் திருத்தம் சொல்லட்டும். இறப்பர்த் தோட்டத்தின் எல்லையில் காணி இழந்த சிங்களக் கிராமத்தவருக்கும் அதில் சொல்ல ஒரு பங்கு உண்டு. அதன் பின்னரே பலகை சுவரேற வேண்டும். அது சுவரேறிய பின்னரே கட்டடத்துக்கு இறுதிச் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும்.