டாக்டர் சான்று இருந்தாத்தான் பணம்

(ஆண்டு விழாவில் உறுப்பினர் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவ. எங்க வீட்டுல நடந்ததை மட்டும் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மூணு வருஷம் முன்னாடி மஞ்சள் காமாலை வந்து நேரா விக்கிரமங்கலத்துக்கு வந்துட்டார். கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம், பத்தியம் இருந்தார். ஒரு மாசம் கழிச்சுத்தான் வேலைக்குப் போனார். அந்த மாசச் சம்பளம் இல்லை. நான் குழுவுல 10,000 ரூபாய் கடன் வாங்கினேன். நோட்டுல 'மருத்துவச் செலவு'ன்னு எழுதினோம். ஆனா மருந்துக்கு ஆனது கொஞ்சம்தான். மிச்சம் அரிசிக்கும் பிள்ளைங்க படிப்புக்கும் போச்சு.

அவர் சம்பளத்துல மாசாமாசம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. அது மாத்திரை வாங்க மட்டும்தான்னு இருந்தோம். உடம்பு சரியில்லாத நாளுக்கும் பணம் உண்டுன்னு கூட வேலை பார்க்கிறவர் சொல்லித்தான் தெரிஞ்சது. ஆனா அதுக்கு டாக்டர் சான்று வேணும். கீழாநெல்லிக்கு யார் சான்று தருவாங்க?

அடுத்த வருஷம் டைபாய்டு வந்தது. "முதல்ல ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்க"ன்னு போன்லயே சொல்லிட்டு, நானே திருப்பூர் போய் கஞ்சி வச்சுக் கொடுத்தேன். முதல் நாளே சான்று வாங்கினார். நடுவுல புதுப்பிச்சார். கடைசியா வேலைக்குப் போகலாம்னு சான்று வாங்கினார். 20 நாள் லீவு. முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. ஒரு நாள் கூலி 500 ரூபாய்னா 100க்கு 70 வீதம் 350 ரூபாய். 18 நாளுக்கு 6,300 ரூபாய் பேங்க் கணக்குல வந்தது. அந்தத் தடவை குழுக் கடன் கேட்கலை.

தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அவங்க சம்பளத்துல 100 ரூபாய்க்கு 75 காசு பிடிப்பாங்க, முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுவார். ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்தப் பணம் வாங்குற நாள்ல வேலையை விட்டு நிறுத்தக் கூடாது.

ஊருக்கு வந்த இடத்துல படுத்துட்டா வேற டாக்டர்கிட்டயாவது சான்று வாங்கி வையுங்க. நோய் பேரு, தேதி, டாக்டர் பதிவு எண், முத்திரை எல்லாம் அதுல இருக்கணும். அலுவலகத்துல பார்த்து ஏத்துக்கலாம், ஆனா நிச்சயம்னு நம்பிடாதீங்க. ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றுதான் பலமானது.

வயல் கூலிக்கும் நூறு நாள் வேலைக்கும் போற நமக்கு இந்தப் பணம் கிடையாது. அதனாலதான் வீட்டுல ஒருத்தருக்கு இருக்கிறதை நாம விட்டுடக் கூடாது. இனி குழுவுல யாராவது மருத்துவக் கடன் கேட்டா, "வீட்டுல யாருக்காவது ஈ.எஸ்.ஐ. இருக்கா, சான்று வாங்கினாங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. மில்லுக்குப் போற பொண்ணுங்ககிட்டயும் சொல்லி அனுப்புங்க.