யாது கருதி வைத்தியத் துறையை நாடுகின்றோம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சிறு வயதில் எம்மைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: "தம்பி, படித்து என்னவாக வரப் போகிறாய்?" "டாக்டர்" என்போம். கேட்டவர் முகம் மலரும். அன்னையாரின் முகம் அதனினும் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே அவ்விடையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தோம் என்பதை இன்று இம்மேடையில் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஏன் டாக்டராக வேண்டும் என்று எவரும் எம்மைக் கேட்டதில்லை. நாமும் எம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவில் மூன்று முறை தோற்றினோம். மூன்று முறையும் சித்தியடைந்தோம். எனினும் வைத்திய பீடம் புகுவதற்கு வேண்டிய புள்ளி கிட்டவில்லை. நான்காம் முறை முயல விதி இடந்தராது. பெறுபேறு வந்த அன்று தந்தையார் ஒன்றும் பேசாது தோட்டத்துக்குச் சென்று, பொழுது சாயும் வரை வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டு நின்றார். ஏசியிருந்தாராயின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த மாதமே தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலே அவன் கட்டிலருகில் விழித்திருந்தோம். சில நாட்களில் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று மகிழ்ந்து பையைக் கட்டினோம். தாதி அம்மையார் எம்மைத் தடுத்து, "டெங்கிலே காய்ச்சல் விடுகிற நேரந்தான் தம்பி, கவனமாய் இருக்க வேண்டிய நேரம்" என்றார். இந்நோயிலே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிவதும், அதனால் இரத்தம் தடிப்பதும் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே நிகழ்கின்றன என்பதை அன்றுதான் அறிந்தோம். அவர் மணிக்கு மணி வந்து நாடியையும், இரத்த அழுத்தத்தையும், குடித்த நீரையும், கழித்த சிறுநீரையும் அளந்து குறித்தார். நள்ளிரவில் எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்திலே ஒருவர் பரிசோதித்து, அது தடித்துவிட்டதென உடனே தொலைபேசியில் அறிவித்தார். டாக்டர் விரைந்து வந்து சேலைன் அளவை மாற்றினார். தம்பி பிழைத்தான். டாக்டருக்கும் தாதி அம்மையாருக்கும் கைகூப்பி நன்றி சொன்னோம். ஆய்வுகூடத்தில் விழித்திருந்தவரின் முகத்தையோ நாம் கண்டதேயில்லை.

வீடு திரும்பிய பின்னும் அந்தக் காணாத முகம் எம் மனத்தை விட்டு அகலவில்லை. இன்று நாம் சர்வகலாசாலையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பயில்கின்றோம்.

காணாத முகங்கள் ஒரு தம்பியை மாத்திரமன்றி, ஒரு நாட்டையே காத்த வரலாறும் உண்டு. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. பின்னர் வீடுதோறும் மருந்து தெளித்து நுளம்பை ஒழித்ததனால், 1963இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளர் 17 பேர் மாத்திரமே. நோய் ஒழிந்ததென்று எண்ணினோம், விழிப்புக் குறைந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்துக்கும் மேலாயிற்று! அதன்பின் பல்லாண்டுகள், போர் நடந்த காலத்திலுங்கூட, ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று இரத்தம் எடுத்தனர். நுணுக்குக்காட்டியிற் கண் பதித்து, கண்ணாடித் தகடு தகடாக நோய்க் கிருமியைத் தேடினர். உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுரைத்தது. அந்தத் தகடுகளை நோக்கியவர்களின் பெயரை நம்மில் யார் அறிவார்?

இளைஞர்களே, இவ்வரலாற்றில் எமக்கொரு பாடம் உண்டு. பிறர் கைதட்டலை நம்பித் தொடங்கும் பணி, கைதட்டல் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடும். எவரும் பாராத வேளையிலும் செய்யத் தூண்டுவது எதுவோ, அதுவே உண்மையான ஊக்கம்.

ஆகவே, வைத்தியத் துறையை விரும்புவோர் முதலில் உங்களையே வினவிக்கொள்ளுங்கள். இரவிலே பிறர் துயிலும்போது முகஞ்சுளியாது விழித்திருக்க முடியுமா? சீழையும் இரத்தத்தையும் கண்டு விலகாதிருக்க முடியுமா? புகழ் வராதபோதும் பிழையின்றிப் பணி செய்ய முடியுமா? ஆம் என்று மனம் கூறுமாயின், வாயில்கள் பல உள. டாக்டராகலாம், அது கிட்டாவிடின் வாழ்வு முடிந்ததென எண்ணற்க. தாதியர், மருத்துவமாதர், மருந்தாளர், எக்ஸ்ரே படம் பிடிப்போர், முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி அளிப்போர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய யாவரும் இன்றி எந்த ஆஸ்பத்திரியும் எந்த ஊரும் நலம் பெறாது. இவற்றுட் பலவற்றைச் சர்வகலாசாலையிலேயே பட்டப் படிப்பாகக் கற்கலாம்; தாதியர் கல்லூரிகளும் உள. இன்னும் தெளிவு பிறவாதவர்கள், 18 வயது நிரம்பியிருப்பின், அடுத்த இரத்ததான முகாமுக்கு வாருங்கள். ஒரு நாள் அங்கு நின்று பார்த்தாற் பல விடயம் விளங்கும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளிடம் "என்னவாக வரப் போகிறாய்?" என்று கேட்கும்போது, "ஏன்?" என்றும் கேளுங்கள். விடை தாமதமாகவே வரும். பொறுத்திருங்கள்.

எம் தந்தையாரும் பொறுத்திருந்தார். சென்ற விடுமுறையிலே, வேலிக்கு அப்பால் நின்ற அயலவரிடம் அவர் சொன்னது எம் காதில் விழுந்தது: "மகன் இரத்தம் பார்க்கப் படிக்கிறான். அவன் பார்த்துச் சொல்லாவிட்டால் டாக்டருக்கும் வழி தெரியாது, கண்டியோ."

இம்முறையும் ஒரு முகம் மலர்ந்திருந்தது. ஆயினும், அதற்காக நாம் இத்துறைக்கு வரவில்லை.