பெட்டியை மாற்றுவதற்கு முன்

1980-களின் கடைசியிலும் 90-களின் முற்பாதியிலும் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக்குகள் அமெரிக்கப் பண்ணைகளில் இன்றும் ஓடுகின்றன. முப்பது வயது தாண்டியும் இன்ஜின் அசராது. மக்கர் பண்ணுவதெல்லாம் மின்சாரப் பக்கம்தான். ஒரு நாள் கரும்புகை கக்கும். இன்னொரு நாள் நடுரோட்டில் நின்றுவிடும். உடனே, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று முடிவுகட்டி, அந்தப் பெட்டிக்குப் பதிலாகப் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் பாவம், தானாக எதையும் பார்ப்பதில்லை. பல சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் இன்ஜினின் நிலையை ஊகிக்கிறது. கூலன்ட் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருந்தால் அதன் மின்தடை அதிகம். சூடேறச் சூடேறக் குறையும். அதன் கனெக்டரில் களிம்பு ஏறிவிட்டால் அந்தத் தடையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். கொதிக்கிற இன்ஜினைக் குளிர்ந்ததாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளிக் கொட்டும். கரும்புகைக்குக் காரணம் பச்சை பூத்த ஒரு பின்தான்!

அதனால் முதலில் பேட்டரி, எர்த், கனெக்டர். இன்ஜின் ஓடாமல் நிற்கையில் நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். ஓடும்போது ஏறத்தாழ 14. எர்த் வயரை ஓம் மீட்டரில் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. உள்ளே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் ‘சரி’ என்றுதான் சொல்லும். கரன்ட் பாயும்போதுதான் குட்டு உடையும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் தொட்டுக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டுங்கள், அல்லது மாற்றுங்கள்.

அடுத்தது கோளாறு எண். இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டியதில்லை. பானட்டுக்குள் இருக்கும் சோதனைக் கனெக்டரில் உரிய இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், செக் இன்ஜின் விளக்கு கண்சிமிட்டி எண்களைச் சொல்லும். 11 என்றால் பழுதில்லை. பின்னால் வந்த வண்டிகளில் 111. 41 வந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஆக்சிஜன் சென்சார் புகார் சொல்கிறது. பலரும் அந்தப் புகார்தாரரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவார்கள். வெடித்துப்போன வேக்கம் ஹோஸ் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தால் புதிய சென்சாரும் அதையேதான் சொல்லும்.

சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பும் வண்டி என்றால், முதல் சந்தேகம் டிஸ்ட்ரிப்யூட்டரில் ஒட்டியிருக்கும் இக்னிஷன் மாட்யூல் மீது. இன்ஜின் சூட்டிலேயே அதைக் குடிவைத்தது யார் யோசனையோ! பிற்பாடு ஃபோர்டே அதைத் தள்ளி வைத்தது. வண்டி நின்ற அந்த நேரத்திலேயே ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் நிஜமாகவே கெடுவதும் உண்டு. சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை, பெட்ரோல் பம்ப்பின் முனகலும் கேட்கவில்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பெட்டியைத் திறக்கலாம். உள்ளிருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசியும். சில பெட்டிகளில் மீன் கவுச்சி போன்ற வாடையே அடிக்கும். கசிவு சர்க்யூட் போர்டின் தடங்களை அரிக்காமல் இருந்தால், சால்டரிங் பழகியவர் சில ரூபாய்ப் பொருளில் சரிசெய்துவிடுவார்.

வேலை முடிந்ததும் பழைய எண்களை அழிக்கப் பேட்டரி வயரைக் கழற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். கம்ப்யூட்டர் இத்தனை நாள் ஓட்டத்தில் கற்றுவைத்த அளவுகளும் சேர்ந்து போய்விடும். சிறிது தூரத்துக்கு ஐடிலிங் தடுமாறும். அதைப் புதுக் கோளாறு என்று நினைத்து மறுபடி ஸ்பேனரைத் தூக்குவார்கள். எண்கள் சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தத் துண்டு வயரை உருவினால் போதும், அழிந்துவிடும்.