மண்ணையும் உரைத்துப் பார்க்க வேண்டும்

(கந்தளாயில் உழவர்களும் பொறியியலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பொருட்சோதனை, தரச்சான்று, தொழில்துறையில் டிஜிட்டல் மாற்றம் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இஃது ஆலை முதலாளிகளுக்குரிய பேச்சு, ஏர் பிடிப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் ஆலையைப் பற்றிப் பேச வரவில்லை. இவ்வூரின் மிகப் பெரிய கட்டுமானம் ஆலையன்று, குளம். ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட அதன் கட்டு மண்ணால் ஆனது. இரும்பும் சீமெந்தும் போலவே மண்ணும் ஒரு கட்டுமானப் பொருள். அவற்றைச் சோதிப்போமென்றால் இதனையும் சோதித்தாக வேண்டும்.

இக்குளத்தைக் குளக்கோட்டன் கண்டான் என்பது கோணேசர் கல்வெட்டு வழி வந்த நம் மரபு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கிரபோதி கட்டினான், பின்னர்ப் பராக்கிரமபாகு பெருப்பித்தான் என்பது மற்றொரு வரலாறு. கட்டியவர் யார் என்ற வழக்கை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். உடைந்தது ஏன் என்ற வழக்கே இன்று நமக்குரியது.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள். புத்தாண்டு கழிந்து ஒரு வாரங்கூட நிறையவில்லை. அதிகாலை மூன்று மணியளவில், ஊர் அயர்ந்து உறங்கும் வேளையில், கட்டு உடைந்தது. மாண்டவர் தொகை 120 என்பாரும் உளர், 180 என்பாரும் உளர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் நெல்வயல் பாழாயிற்று. 8,000 குடும்பங்களுக்கு மேல் அல்லலுற்றன. வெள்ளம் யாரிடமும் மொழி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. கந்தளாய்க் குடியேற்றங்களைப் பற்றி நமக்கொரு நீண்ட அரசியல் வழக்கு உண்டு. அதனை நான் மறந்தவனல்லன். ஆயினும் கட்டின் அடிவாரத்தில் உறங்குகின்றவன் எவனாயினும் அவனுயிர் உயிரே அன்றோ!

அந்த உடைப்புக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுவது, மிகக் கனமான வாகனங்கள் அணைக்கட்டின் மேல் ஓட விடப்பட்டமையாகும். வண்டி ஓடியதாலா இத்துணைப் பெரிய கட்டு உடையும் என்று வினவலாம். மண்கட்டு கல்லைப்போல் ஒரே நொடியில் முறிவதில்லை. பாரமும் அதிர்வும் அதன் உட்பிணைப்பைத் தளர்த்தும். நூலிழையளவு வழி கிடைத்தாற் போதும், நீர் அதனூடே ஊறத் தொடங்கும். ஊறும் நீர் நுண்மணலை அரித்துச் செல்லும். அரிப்பு வளைபோல் உள்ளே பெருகும். வெளியே புல் பச்சையாகவே இருக்கும்! மேலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுந் தோன்றாது. மண்ணணைகளின் தீராப் பகை இந்த உள்ளரிப்புத்தான்.

இது பழங்குளங்களுக்கு மட்டும் நேரும் நோய் என்றும் கொள்ளற்க. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பெரும் பொறியியலாளர்கள் புதிதாகக் கட்டிய டீட்டன் அணை, முதன்முறை நீர் நிரப்பப்பட்டபோதே, 1976 ஜூன் 5ஆம் நாள் உள்ளரிப்பினால் உடைந்தது. காலையிற் கலங்கல் நீர் கசிவதைக் கண்டனர். இயந்திரங்களைக் கொண்டு மண் தள்ளி அடைக்க முயன்றனர். நண்பகலளவில் அணை போயிற்று. அங்கே இறந்தோர் 11 பேர். அது பகல், இங்கே இரவு. கசிவைக் கண்டு எச்சரிக்கச் சில மணி நேரமாவது கிடைத்தால் எத்துணை உயிர் தப்பும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிச் சோதனைக்கு வருவோம். வயல் வரம்பு கட்டுபவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காய்ந்த மண் ஒட்டாது, சேறு நிற்காது. இரண்டிற்கும் நடுவே ஓர் ஈரப்பதம் உண்டு. அப்போது அடித்தால்தான் மண் இறுகும். இதே உண்மையைக் கலிபோர்னியாவில் அணை கட்டிய பொறியியலாளர் ரால்ஃப் பிராக்டர் அளவைக்குட்படுத்தி 1933இல் வெளியிட்டார். குறித்த அளவுள்ள உருளையில், குறித்த எடையுள்ள சம்மட்டியை, குறித்த உயரத்திலிருந்து விழச்செய்து மண்ணை இறுக்கி, எந்த ஈரத்தில் அடர்த்தி மிகுகிறது என்று காண்பதே அவர் சோதனை. கட்டு எழும்பும்போது அடுக்கடுக்காக மண்ணைத் தோண்டியெடுத்து, அந்த அடர்த்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வராவிடில் அந்த அடுக்கை மீண்டும் இறுக்க வேண்டும். உழவன் கைப்பக்குவமாக அறிந்ததைப் பொறியியலாளன் எண்ணாக அறிகிறான், அவ்வளவே.

கட்டிய பின்னரும் சோதனை முடிவதில்லை. அணையின் வயிற்றுள் குழாய்களை இறக்கி, உள்ளே நீர் எவ்வுயரத்தில் நிற்கிறது, எத்துணை அழுத்தம் தருகிறது என்று அளக்கின்றனர். அடிவாரத்தில் கசியும் நீரை ஒரு சிறு வெட்டுவாய் வழியே ஓடவிட்டு அதன் அளவைக் குறிக்கின்றனர். கசிவு தெளிவாக இருந்தால் பெரிதும் அஞ்ச வேண்டாம். அளவு திடீரெனப் பெருகினாலோ கலங்கி வந்தாலோ, அணையின் உடல் கரைகிறது என்று பொருள். அந்த ஓர் அறிகுறியைக் குழந்தைகளுக்குங்கூடச் சொல்லி வையுங்கள்.

முன்னாளில் இவ்வளவுகளைக் காவலாளி ஏட்டில் எழுதினான். இன்று மின்கருவி அளக்கிறது, கணினி பதிகிறது. உலக வங்கி 2008இல் ஒப்புதல் அளித்த அணைப் பாதுகாப்புத் திட்டத்தின் வழி, மழையையும் நீர்மட்டத்தையும் தாமாகவே அளந்து அனுப்பும் நிலையங்கள் இலங்கையில் அமைக்கப்பட்டன. நல்லதே! கருவி உறங்காது, இரவு மூன்று மணிக்கும் அளக்கும். ஆனால், அளந்த எண்ணை அந்த மூன்று மணிக்குப் படிப்பவன் யார்? அலுவலகம் ஒன்றின் கணினியில் எண் ஏறிக்கொண்டிருக்க, கட்டின் கீழே இருக்கும் கமக்காரனுக்குச் செய்தி எட்டாதாயின், அந்தக் கருவியும் ஓர் அலங்காரப் பொருளே.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பார்க்கிறோம். அதனை வழங்கும் நிறுவனம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1984இல் இன்றைய பெயரைப் பெற்றது. சோதனைச்சாலைகளையே மதிப்பிட்டு அங்கீகரிக்க 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் ஒரு சபையை அமைத்தது. சோதிப்பவனையும் ஒருவன் சோதிக்க வேண்டும் என்பது சரியான நெறி. எனினும் ஒழுங்கிற்குப் பெயர் போன ஜப்பானில், கோபே உருக்கு நிறுவனம், தன் அலுமினிய, செப்புப் பொருள்கள் சிலவற்றின் தரத் தரவுகளை மாற்றி எழுதி விற்றதாக 2017 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. வாங்கிய நிறுவனங்கள் 500க்கு மேல்! பொய் எண்ணைக் கணினியில் ஏற்றினால் அது விரைவாகப் பரவும் பொய்யாகுமேயன்றி மெய்யாகாது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தொண்டை நாட்டு உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்தையும் பொன் வாரியத்தையும் அடுத்தடுத்துப் பேசுகின்றன. ஒன்று குளத்தைக் காத்தது, மற்றொன்று பொன்னின் மாற்றைப் பார்த்தது. இரண்டிற்கும் ஊரார் குடவோலையிட்டு ஆள் தெரிந்தனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. அந்த ஊராட்சியில் எல்லாருக்கும் இடமிருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலமும் கல்வியும் உடையாருக்கே அது திறந்திருந்தது. ஆயினும் பொன்னை உரைத்தவனும் ஏரியைக் காத்தவனும் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தனர்.

இன்று நாம் கேட்பது அந்தக் கணக்கைத்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. இக்கட்டு இறுதியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? கசிவின் அளவு என்ன? உள்ளழுத்தம் எங்கே அளக்கப்படுகிறது? அணையின் மேல் எத்துணை எடையுள்ள வாகனம் செல்லலாம்? அபாயம் நேர்ந்தால் நள்ளிரவில் யார் யாரை எழுப்புவது? இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒவ்வொரு போகத்தின் கூட்டத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும். துருசடியிலே பலகையில் எழுதி வைக்கவும் வேண்டும். பொறியியல் நண்பர்களே, இது உங்கள் மீது ஐயங்கொண்டு கேட்பதன்று. நீங்கள் அளக்கிறீர்கள், அளந்ததை எங்களிடமும் சொல்லுங்கள் என்கிறோம்.

விண்ணப்பம் எழுதப்பட்டு இம்மேசைமேல் இருக்கிறது. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மறுமொழி என் கையில் இருக்கும், அல்லது மேன்முறையீடு இருக்கும். கையொப்பமிட விரும்புவோர் கூட்டம் கலையுமுன் முன்னே வருக.