கச்சான் காற்றும் அயலவரின் வயலும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனே மழையை இறக்குகிறான். அவன் நாடினால் அதனைத் தடுத்தும் வைக்கிறான். மழை தடுக்கப்படும் காலத்தில் அடியார்களாகிய நாம் ஒருவருக்கொருவர் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய விடயம்.

ஹாலிஎலயில் வாழும் எவருக்கும் கச்சான் காற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமற்ற வெறுங்காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகின்றது. அதனால்தான் ஹட்டனில் அடைமழை பெய்யும் அதே நாளில் நமது வீதிகளில் புழுதி பறக்கின்றது. ஊவாவின் பெருமழைக்கு நாம் ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

இக்காற்று சிலருக்கு இலாபத்தையும் கொண்டு வருகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் புகழ் தேடித் தந்த நறுமணம் ஜூலை முதல் செப்டம்பர் வரையான இவ்வரண்ட பருவத்தில்தான் உண்டாகின்றது. ஆனால், அத்தேயிலையைப் பறிக்கும் கரங்களை எண்ணிப் பாருங்கள். வறட்சி நீடித்தால் கொழுந்து குறைகின்றது. குறித்த கிலோவைப் பறிக்க இயலாத நாளில் அத்தாய்க்கு அரைப் பேரே கிடைக்கின்றது. லயத்துப் பீலியில் நீர் நூலாக வடியும்போது, ஒரு குடம் நிரம்புவதற்காகப் பிள்ளைகள் பாடசாலை நேரத்தையும் இழந்து காத்திருக்கின்றனர்.

மரக்கறித் தோட்டக்காரரின் நிலையும் இதுவேயாகும். போஞ்சி, கோவா, தக்காளி, உருளைக்கிழங்கு என்று எதைப் பயிரிட்டாலும், விதைக்கும் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் அவர் முன்கூட்டியே செலவு செய்துவிடுகிறார். அநேகமாக அது கடன் வாங்கிய பணம். பூக்கும் வேளையில் ஓடை வற்றினால் பயிர் கருகிவிடும், கடனோ கருகுவதில்லை. முதலில் மனைவியின் காதணி அடகுக்குப் போகின்றது. பிறகு பழைய கடனை அடைப்பதற்கென்று புதிய கடன் வீட்டுக்குள் நுழைகின்றது. இறுதியில் தகப்பன் கொழும்புக்கோ, மகன் வளைகுடாவுக்கோ புறப்படுகிறான். வறட்சியில் காய்வது வயல் மாத்திரமல்ல. ஒரு குடும்பமும் காய்ந்து சிதறுகின்றது.

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெரும்போக மழை பொய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 40 ஆண்டுகளில் நாடு கண்ட மிக மோசமான வறட்சி அது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் 2017இல் அறிவித்தன. அவ்வாண்டின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறையும் என்றும், சுமார் 9 இலட்சம் மக்கள் உணவுப் பற்றாக்குறைக்கு ஆளாகியுள்ளனர் என்றும் அவை கணித்தன. 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. கடன் சுமை எவ்வளவு ஆழமாக வீடுகளுக்குள் இறங்கியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால், நகரத்தில் வாழும் நம்மில் பலருக்கு வறட்சி என்பது மரக்கறி விலை ஏறிவிட்டது என்ற ஒரு முறைப்பாடு மட்டுமே. பயிரிட்டவரின் கண்ணீர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த இடைவெளியைத்தான் இஸ்லாம் மூடச் சொல்கின்றது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு மதீனாவையும் அதன் சுற்றுப்புறங்களையும் கடும் வறட்சி பீடித்தது. காற்று வீசும்போதெல்லாம் மண் சாம்பலைப் போலப் பறந்தமையால், அதற்கு ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு என்றே பெயர் ஏற்பட்டது. அப்போது கலீஃபாவாக இருந்த உமர் (ரழி) அவர்கள், மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யையும் இறைச்சியையும் தாம் சுவைப்பதில்லை என்று உறுதி பூண்டார்கள். எண்ணெயை மட்டுமே தொட்டு உண்டதால் அன்னாரின் மேனியின் நிறமே மாறிவிட்டதாக வரலாறு கூறுகின்றது. ஷாமிலிருந்து உணவுப் பொதிகளை வரவழைத்துப் பகிர்ந்தளித்தார்கள். அவ்வாண்டு ஸகாத் திரட்டுவதை ஒத்திவைத்தார்கள். பசியால் திருடியவனுக்குத் தண்டனையையும் நிறுத்தி வைத்தார்கள். இவற்றோடு மழை வேண்டிப் பிரார்த்தனையும் செய்தார்கள். அவர்களுடைய கரங்கள் துஆவுக்காக உயர்ந்தன. அதே கரங்கள் மாவு மூட்டையையும் சுமந்தன.

நேயர்களே! நம்மில் வியாபாரிகள் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு விடயத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியுள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகள் சேதமடைந்து, அவர் பெருங்கடனில் மூழ்கினார். அவருக்குத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களை ஏவினார்கள். சேர்ந்த பொருள் கடனுக்குப் போதவில்லை. அப்போது நபியவர்கள் கடன் கொடுத்தோரிடம், இருப்பதை எடுத்துக்கொள்ளுமாறும், அதற்கு மேல் உங்களுக்கு எதுவும் இல்லையென்றும் கூறிவிட்டார்கள். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனிலும் சிறந்தது என்றும் அல்குர்ஆன் போதிக்கின்றது.

இந்தப் போதனை பள்ளிவாசலோடு நின்றுவிடலாகாது. அது நமது கடைக் கணக்குக் கொப்பிக்குள்ளும் இறங்க வேண்டும். விதையும் பசளையும் கடனாகக் கொடுத்துவிட்டு, விளைச்சலைச் சந்தை விலைக்குக் குறைவாக எனக்கே தர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பவர், கடனைக் கொண்டு இலாபம் தேடுகிறார். கடன் கொடுத்தவர் அதற்குப் பகரமாகப் பெறும் இலாபம் வட்டியாகும் என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். அந்த விவசாயி சிங்களவராயினும், தோட்டத்துத் தமிழராயினும், முஸ்லிமாயினும் அயலவரின் உரிமை ஒன்றேதான்.

விவசாயியின் உழைப்பை மார்க்கம் எவ்வளவு நுட்பமாக மதிக்கின்றது என்பதையும் பாருங்கள். மழையால் விளைந்ததற்கு ஸகாத் பத்தில் ஒரு பங்கு. சிரமப்பட்டு நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. வானம் கொடுத்ததையும் வியர்வை கொடுத்ததையும் அல்லாஹ்வின் சட்டம் ஒரே தட்டில் நிறுக்கவில்லை.

இனி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மழை நமது கையில் இல்லை. மண் நமது கையில் இருக்கின்றது. அமெரிக்காவின் சமவெளிகளில் புல்வெளிகளை உழுது தள்ளி மண்ணை வெறுமையாக விட்டனர். 1930களில் வறட்சி வந்தபோது மேல்மண் புழுதிப் புயலாக எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் பகலே இருண்டது. அதனைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றழைக்கின்றனர். புழுதியைச் சுவாசித்த பிள்ளைகள் நோயுற்றனர். இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். அதே மாதம் அந்நாடு மண் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நமது நாட்டிலும் 1951 முதல் அத்தகைய சட்டம் உண்டு.

நம்மிடம் அத்தகைய புயல் இல்லை. ஆயினும் சரிவு நிலத்தை வெறுமையாக விட்டால், கச்சான் காற்று அதன் மேல்மண்ணைத் தூசியாக்கும். ஒக்டோபர் மழை எஞ்சியதையும் ஓடைக்குக் கொண்டுபோகும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுங்கள். வரம்புகளில் புல்லை வளருங்கள். பாத்திகளை வைக்கோலாலும் இலைகுழையாலும் மூடுங்கள். வரண்ட காலத்தில் புல்மலைகளுக்குத் தீ வைப்பவரைத் தடுங்கள். அத்தீ நீரூற்றுகளின் தலையையே எரித்துவிடுகின்றது.

பெற்றோர்களே! நபி (ஸல்) அவர்கள் ஏறக்குறைய இரு கையளவு நீரைக் கொண்ட ஒரு முத்து அளவில் வுழூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே வுழூச் செய்கிறோம். கூரையில் விழும் மழை நீரைத் தொட்டியில் சேர்க்கவும், தட்டில் சோற்றையும் கறியையும் மீதம் வைக்காதிருக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். ஒரு போஞ்சிக்காய் நம் வீட்டுக்கு வந்து சேர எத்தனை பேரின் வியர்வை சிந்தியது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மண்வெட்டி பிடிப்பவனைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மை எந்தப் பிள்ளையிடமும் வளர இடமளியாதீர்கள்.

அடுத்த வறட்சியில் நம் ஊரில் மழைத் தொழுகைக்கு அழைப்பு விடுக்கப்படலாம். அந்த மைதானத்துக்குச் செல்லுமுன் நமது கணக்குக் கொப்பியை ஒருமுறை திறந்து பார்ப்போம். பயிர் கருகிய ஒருவரின் பெயர் அதில் இருந்தால், அவருக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அல்லாஹ்விடம் கையேந்துவோம்.

யா அல்லாஹ்! எமக்குப் பயனுள்ள மழையைத் தருவாயாக! அதனை அழிவாக ஆக்கிவிடாதிருப்பாயாக! எமது அயலவரின் துன்பத்தை உணரும் உள்ளத்தையும் எமக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.