பழைய பியட் வண்டியில் பெட்ரோல் கசிவு



பம்பாய் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. ஆயினும் சொந்த வண்டியாக அதனைப் பேணிவரும் அன்பர்கள் இங்கே உளர். அவர்கள் பொருட்டே இவ்வுரை.

பெட்ரோல் நெடி எழுந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். எஞ்சின் ஆறியபின் பாட்டரி இணைப்பை நீக்கி, திறந்த வெளியில் ஆராயுங்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், அது விட்டுச்செல்லும் பழுப்புக் கறையோ நிலைத்திருக்கும். பின்புற டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை அக்கறையைத் தேடுக.

கண்ணை ஏய்க்கும் கசிவும் உண்டு. டாங்கிக்கும் பம்புக்கும் இடையே குழாய் வெடித்திருந்தால், பம்பு உறிஞ்சும்போது பெட்ரோல் வெளிவராமல் காற்றே உட்புகும், எஞ்சின் திணறும். பம்பின் டயாபிரம் கிழிந்தாலோ, பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடக்கூடும். அளவுக்கோலை உருவி முகர்ந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் ஏறி, பெட்ரோல் நெடியும் வீசினால் அவ்வண்டியை ஓட்டலாகாது.

இந்நாளில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. பழைய ரப்பர் இதனைத் தாங்காது உப்பி வெடிக்கிறது. ஆகவே கசிந்த குழாயை மட்டுமன்றி, ரப்பர்க் குழாய் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுக. டாங்கி ஓட்டையில் சலவைச் சோப்பை அப்பும் வழக்கம், வண்டி பட்டறை போய்ச் சேரும் மட்டுமே உதவும்.